பிரோஷ்கா மஞ்சள்

செகெட், ஜூலை மாதம்

பட்டாம்பூச்சி அன்பர் சங்க இதழின் ஆசிரியரும் என் மனைவியின் அண்ணனுமாகி, இரண்டு வகையிலும் என் மரியாதைக்குரியவரான லோரண்ட் அவர்களுக்கு ஆம்ப்ருஷ் எழுதுவது. இங்கு யாவரும் நலம். உங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன மாதம் அனுப்பிய கட்டுரையைத் தயவுசெய்து அச்சிட வேண்டாம். டிஸா ஆற்றங்கரையில் நான் பிடித்த சதுரங்கப் பட்டாம்பூச்சியின் வெள்ளைக் கட்டங்கள் மஞ்சளாக இருக்கின்றன, இது புது வகை, இதற்கு உங்கள் தங்கை பிரோஷ்காவின் பெயரையே வைக்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. பிடித்தபோது வெள்ளையாகத்தான் தெரிந்தது. வீட்டு அலமாரியில் வைத்த பிறகு மஞ்சளாக இருக்கக் கண்டதும், வெயிலில் கண் கூசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று மருந்துக்கடை எடெல்காவிடம் பெருமையடிக்கப் போனேன். பூச்சிப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காபி குடித்து, அவள் மருமகனைப் பற்றிய புகார்களையெல்லாம் கேட்டு முடித்தபோது, "உங்க மஞ்சள் ராணிக்கு நரைச்சுப்போச்சே, ஆம்ப்ருஷ்" என்றாள். பால் வெள்ளை. பெட்டியை முகர்ந்து பார்த்தாள். "ஜன்னல் துடைக்கிற அம்மோனியா நெடி அடிக்குதே" என்று சொல்லி, ஒரு பஞ்சை அம்மோனியாவில் நனைத்து ஜாடிக்குள் போட்டு, பூச்சியையும் வைத்து மூடினாள். மறுபடி மஞ்சள். கூடவே வைத்த முட்டைக்கோஸ் பட்டாம்பூச்சி கொஞ்சமும் நிறம் மாறவில்லை. அதன் வெள்ளை அதன் உடம்பே தயாரிப்பதாம். நம்முடையதன் வெள்ளையோ புழுவாக இருந்தபோது தின்ற புல்லிலிருந்து வந்த சாயமாம். அம்மோனியா பட்டால் மஞ்சளாகி, காற்றுப் பட்டால் வெளுத்துவிடுமாம். ஆக, நான் கண்டுபிடித்தது பிரோஷ்கா அலமாரிக் கண்ணாடி துடைத்ததைத்தான்.

எனக்கு அவமானம் பெரிதில்லை. படுக்கையறையில் ஒரு பூச்சிப் பெட்டி வைத்தாலும் வாரக்கணக்கில் முகம் கொடுக்காதவள், "எம்பேரு வெச்ச பூச்சி என் அலமாரியிலயே இருக்கட்டும், நீங்க தொட வேணாம்" என்கிறாள். கேட்காமலே பிளம் கொழுக்கட்டை வருகிறது. சந்தையில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. அவளிடம் போய் நான் எப்படிச் சொல்வது? எனக்கு மனசு வரவில்லை, மச்சான். இதழில் இடமில்லை என்று நீங்களே அவளுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அண்ணியாருக்கு என் வணக்கம். உங்கள் பிளம் மரங்களில் புழு விழாதிருக்கட்டும். விழுந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.

தங்கள்,
ஆம்ப்ருஷ்

பி.கு.: அண்ணா, நான் பிரோஷ்கா. தபால்ல போடச் சொல்லி என்கிட்டயே குடுத்தாரு, உறையைக்கூட ஒட்டல. முதல் தடவை நான் கண்ணாடி துடைச்சதுல அது தானா மஞ்சளாச்சு. மறுநாளே வெளுக்க ஆரம்பிச்சுது. அதுக்குள்ள எம்பேரை வெச்சுட்டு, பாட்டுப் பாடிக்கிட்டே வீட்டைச் சுத்தி வந்தாரு. மனசு கேக்கல. அன்னிலேருந்து அலமாரிக்குள்ள அம்மோனியாக் கிண்ணம் வைக்கிறது நான்தான். கட்டுரையைப் போடாதே. இடமில்லைன்னு எனக்கு ஒரு வரி எழுது, அவரு எதிர்லயே பிரிச்சுப் படிச்சு வருத்தப்பட்டுக்கிறேன்.