தலைவரைச் சுற்றி வந்த முந்தானை

எம்பிராய்டரி செய்கிறவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. கடைசித் தையலைப் போட்டு, நூலைக் கத்தரித்து, வளையத்தைக் கழற்றியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கே முடிந்தது? அந்தத் துணியைப் பலகையில் இழுத்துக் கட்டி, கண்ணாடி வைத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவரைக்கும் அது வெறும் துணிதான். அடுப்படியில் கைக்கு அகப்பட்டால் யாராவது அதைக் கொண்டு பால் சட்டியைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். (எங்கள் வீட்டில் ஒரு ஜோடிக் கிளிகளுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. இறக்கியவர் பெயர் வேண்டாம். என் கழுத்தில் தாலி கட்டியவர்.)

அறுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். நான், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. பேச ஆள் கிடைத்தால் சோறு தண்ணீர் மறந்துபோகிற சுபாவம் எனக்கு. அந்த மாடியில் பேசுவதற்கு மாமியாரும் ஒரு வானொலியும்தான். இரண்டு பேரும் நான் சொல்வதைக் கேட்பதில்லை.

வெளியே போக எனக்கு அனுமதி மூன்று இடங்களுக்கு. கோயில், தேக்கா மார்க்கெட், அப்புறம் சமூக நிலையத்தில் நடந்த எம்பிராய்டரி வகுப்பு. மூன்றாவதற்கு மாமியார் சம்மதித்த காரணத்தை அவரே பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்: "கையில ஊசி இருக்கிற நேரமாவது வாய் சும்மா இருக்கும்ல." (பாவம், வகுப்புக்கு அவர் ஒரு நாள்கூட வந்து பார்த்ததில்லை.)

அந்த வகுப்பை நடத்தியவர் எஸ்தர் டீச்சர். அவருடைய கணவருக்கு ஈப்போவில் வேலை மாற்றல் ஆனது. "எனக்கப்புறம் உங்கள்ல ஒருத்தர்தான் வகுப்பை எடுத்து நடத்தணும்" என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வகுப்பு மாணவி எந்த நேரமும் நிறுத்தப்படலாம். மாமியாருக்கு இடுப்பு பிடித்தால் போதும். டீச்சர் என்றால் அப்படி இல்லை. நாலு பேர் வந்து உட்கார்ந்து காத்திருப்பார்களே! அந்த மாடிப்படியை யாரையும் கேட்காமல் இறங்க எனக்கு அது ஒன்றுதான் வழி.

போட்டிக்கு இருந்தது இரண்டே பேர். நானும் மைமூன் அக்காவும். அக்காவின் கணவருக்கு அரபு வீதிப் பக்கம் துணிக்கடை. அக்கா போடும் தையல் அச்சடித்த மாதிரி இருக்கும். என் தையலும் நன்றாகவே இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால்.

டீச்சர் பரீட்சை வைத்தார். "பூ போட உங்க ரெண்டு பேருக்குமே தெரியும். இங்க வர்ற பிள்ளைங்க கடையில குடுத்துச் சட்டம் போட முடியாது. வீட்டுலயே போடத் தெரியணும். அவங்கவங்க கையால சட்டம் போட்டு, வெள்ளிக்கிழமை ஆண்டு விழாவுக்குக் கொண்டாங்க. நான் முன்பக்கம் பார்க்க மாட்டேன், பின்பக்கம்தான் பார்ப்பேன்."

நான் செய்து வைத்திருந்தது ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி. கூண்டு மாதிரி விரிந்த பாவாடை, கையில் குடை, பின்னால் புகைபோக்கி வைத்த வீடு. அந்தக் காலத்தில் கடையில் வாங்கி இஸ்திரிபோட்டுப் பதிக்கிற மாதிரிப்படங்களில் அந்த அம்மாள்தான் அதிகம் வருவார். முகம் மொட்டையாகத் தெரிகிறதே என்று நான் ஒரு மூக்குத்தி போட்டுவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, களை வந்தது.

சட்ட வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்தேன். இதை இன்றைக்கும் எந்தச் சபையிலும் சொல்வேன். துணியை அலசி, தேங்காய்ப்பூத்துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி தேய்த்தேன். அளவுக்கு அறுத்த பலகையில் விரித்து, பின்னால் மடிந்த ஓரங்களைத் தடித்த நூலால் மேலும் கீழும், இடமும் வலமும், காலில் போடும் சப்பாத்தின் கயிறு மாதிரி இழுத்துக் கட்டினேன். சுண்டினால் தம்பட்டம் மாதிரிச் சத்தம் கேட்டது. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் வாங்கிய சட்டத்தில் கண்ணாடியை வைத்துப் பலகையை உள்ளே இறக்கினேன்.

மிச்சம் இருந்தது முதுகை மூடுவது மட்டும். எல்லாரும் காகிதம் ஒட்டுவார்கள். நம்ம ஊர்க் கரப்பான்பூச்சிக்குப் பசை போட்ட காகிதம் கல்யாண விருந்து. அதனால் நான் துணியால் மூடுவதென்று தீர்மானித்தேன். அதுவும் பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை தடவி, அதன்மேல் குட்டி ஆணிகளை நெருக்கமாக அடித்து. டீச்சர் அசந்துபோக வேண்டாமா?

துணி எது என்று கேட்டால் அங்கேதான் என் புத்திசாலித்தனம். விழாவுக்காக வீட்டுக்காரர் ஒரு வாயில் புடவை வாங்கித் தந்திருந்தார். இளநீலத்தில் பொடிப்பூ. உடலும் முந்தானையும் ஒரே மாதிரி, வேறுபாடு தெரியாது. அதோடு வந்த ரவிக்கைத் துணியில் ரவிக்கை தைத்ததுபோக மீதி ஒரு துண்டு இருந்தது. புடவையும் நானும் படத்தின் முதுகும் ஒரே நிறத்தில் போய் நின்றால் எப்படி இருக்கும்!

வெள்ளிக்கிழமை மத்தியானமே புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மடியில் தலையணை, தலையணைமேல் கவிழ்த்த படம். முந்தானையை வலப்பக்கமாக இழுத்து முன்னால் போட்டுக்கொண்டேன். (வேலை செய்கிற பெண் இடுப்பில் செருகிக்கொள்வாள். நான் புதுப்புடவை கசங்குமே என்று பார்த்தேன்.) பசை தடவினேன், பூப்போட்ட துணியை எடுத்து விரித்தேன், ஓரம் மடித்தேன், ஆணி அடித்தேன். கீழ்க்கடையில் இரவல் வாங்கிய சுத்தியலை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் கோட்டைச் சுவர் மாதிரி அடித்தேன். அடித்து முடித்து, பசை காயட்டும் என்று அப்படியே உட்கார்ந்து விசிறிக்கொண்டும் இருந்தேன்.

வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து மணி அடித்தது. எழுந்தேன். படமும் எழுந்தது.

குனிந்து பார்த்தால், உட்கார்ந்திருந்த இடத்தில் அந்த மீதித் துண்டு சமர்த்தாகக் கிடக்கிறது. சட்டத்தின் முதுகில் இருப்பது என் முந்தானை.

"என்னங்க... இங்க கொஞ்சம் வாங்களேன்."

வந்து பார்த்தார். ஓர் ஆணியை நெம்பிப் பார்த்தார். கண்ணாடி 'கிரீச்' என்றது. விட்டுவிட்டார்.

"கத்தரிக்கோலை எடுங்க" என்றேன்.

சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது: "யாருடி அது கத்தரி கேக்கிறது? கட்டின புடவையில கத்தரி வைக்கிறதா? அதுவும் வெள்ளிக்கிழமை! நான் உசிரோட இருக்கேன், ஞாபகம் வச்சுக்க!"

"சரி, வேற புடவை கட்டிக்க கனகம்" என்றார் இவர்.

"கட்டிக்கலாம். படத்துக்குப் பின்னால ஆறு கஜம் தொங்குமே, அதை நீங்க கட்டிக்கிறீங்களா?"

கீழே மறுபடியும் மணி அடித்தது. போகாவிட்டால் டீச்சர் வேலை மைமூன் அக்காவுக்கு. ஒரு முடிவுக்கு வந்தேன். படத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் முந்தானை இயல்பாக இருக்கிற மாதிரித்தான் தெரிந்தது. "யாருக்கும் தெரியாது, நடங்க" என்றேன். இந்த மாதிரித் தைரியம் எனக்கு எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. வராமலும் இருப்பதில்லை.

சமூக நிலையத்தில் நல்ல கூட்டம். நடுவில் பூஜாடியும் பரிசுக் கோப்பைகளும் வைத்த பெரிய மேசை. மைமூன் அக்காவின் ரோஜாக்கொத்து ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்டது. நான் படத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏன் கனகு, மாட்டலையா?" என்றார் அக்கா.

"கனம் பார்க்கிறேன்க்கா."

"கனம் பார்க்க இவ்வளவு நேரமா லா? பிள்ளை பெத்தவ மாதிரி வச்சிருக்கே." என் தோளையும் சட்டத்தையும் ஒரு தடவை மாறி மாறிப் பார்த்தார். கண் விரிந்தது. முக்காட்டை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து நிலையத்தின் தலைவர் வந்தார். பெரிய மனுஷர், பெண்களிடம் மிகவும் மரியாதை.

"அடடா, கனமான படத்தை நீங்க ஏம்மா சுமக்கிறீங்க? கொடுங்க."

"வேணாங்க ஐயா, நானே..."

"கொடுங்கம்மா, மேடையில எல்லாருக்கும் காட்டணும்ல!"

வாங்கிக்கொண்டு நடந்தார். மேடைக்குப் போக அந்தப் பெரிய மேசையைச் சுற்றித்தான் போக வேண்டும். அவர் நடந்தார், நானும் நடந்தேன். அவர் கையில் படம், படத்தில் என் முந்தானை, முந்தானைக்குப் பின்னால் நான், தலை குனிந்து. நம் வீட்டுக் கல்யாணங்களில் முடிச்சுப் போட்ட பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் எப்படி வலம் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் வேகம் கூட்டியதும் நானும் ஓடினேன்.

முதலில் கொல்லென்று ஒரு சிரிப்பு. அப்புறம் கூடமே சிரித்தது. அதற்குமேல் மைமூன் அக்காவின் குரல்: "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தலைவர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, ஏன் கூடவே வர்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா, நீங்க நடங்க."

முன்வரிசையில் தலைவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்தவரிடம் நிதானமாகச் சொன்னாராம்: "பார்த்துக்குங்க, நான் உயிரோட இருக்கும்போதே."

மேடையில் எஸ்தர் டீச்சர் சட்டத்தைத் திருப்பினார். நான் அதன் பக்கத்தில், கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி. முந்தானையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். நான்தான் வந்தேன்.

"ஒரு ஆணிகூட அசையலை" என்றார். "கூடம் பூரா ஒரு பொம்பளையை இழுத்திட்டு வந்திருக்கு, ஒண்ணுகூட அசையலை. கை வேலை முதல் தரம் கனகம்."

"நன்றி டீச்சர்."

"ஆனா இருபது பிள்ளைங்களை உன்கிட்ட விட்டா, இருபதையும் சேர்த்து அடிச்சிடுவே."

வேலை மைமூன் அக்காவுக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்து, பொழுது விடியட்டும் என்று புடவையை அவிழ்த்துப் படத்தோடு நாற்காலியில் வைத்துவிட்டு அழுதேன். அழுதது படத்துக்காக அல்ல, அந்த மாடிப்படிக்காக. மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "கத்தரி வச்சிருக்கலாமோ?" என்று மட்டும் கேட்டார். அவர் வாயிலிருந்து அதட்டலாக இல்லாமல், நிஜக் கேள்வியாக வந்த ஒரே வாக்கியம் அதுதான். மறுநாள் அவரே கத்தரித்தார்.

கதை அதோடு முடிந்திருக்கும். மைமூன் அக்கா முதல் வகுப்பில், சட்டம் போடும்போது முந்தானையைச் செருகச் சொல்லிவிட்டு, என் கதையைச் சொல்லியிருக்கிறார். அதுவும் எப்படி? "கனகு ஓடினதுல ரெண்டு ஆணி கழண்டு விழுந்துச்சு" என்று! மார்க்கெட்டில் ஒரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னால் பொறுக்க முடியவில்லை. மாமியாரிடம் சொன்னேன். அவருக்கும் பொறுக்கவில்லை. "நம்ம வீட்டு ஆணி கழண்டுச்சாமா? போய்ச் சொல்லிட்டு வா!" என்று அவரே அனுப்பினார்.

போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அடுத்த வாரமும் வா கனகு" என்றார் அக்கா. "நான் ஊசியைப் பார்க்கிறேன், நீ வாயைப் பார்த்துக்க." அப்படியே வருஷக்கணக்கில் போய்க்கொண்டிருந்தேன். புதிய பிள்ளைகள் சேரும்போதெல்லாம் அக்கா வேண்டுமென்றே அந்த இரண்டு ஆணிகளைக் கழற்றுவார், நான் வேகமாக எழுந்து திரும்ப அடிப்பேன்.

பின்னாளில் எங்கள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மணமேடையில் ஐயர் அவள் முந்தானையை மாப்பிள்ளையின் துண்டோடு முடிச்சுப் போட்டார். பட்டும் பட்டும், வழுக்கி அவிழ்ந்தது. மறுபடி போட்டார், மறுபடி அவிழ்ந்தது. பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் சத்தமாகச் சொன்னார்: "சாமி, முடிச்செல்லாம் நிக்காது. எங்க வீட்டம்மாகிட்ட கொடுங்க, ஆணி அடிச்சுத் தருவா."

எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். இரண்டாம் வரிசையில் இருந்த மைமூன் அக்கா உடனே சம்பந்தியம்மாளின் பக்கம் சாய்ந்து விளக்கத் தொடங்கினார். மேளச் சத்தத்தையும் தாண்டி என் காதில் விழுந்தது: "...அப்பதான் ரெண்டு ஆணி கழண்டு..."

மகளின் கையை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தார். அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. நான் மேடையிலிருந்து இறங்கி, நேரே இரண்டாம் வரிசைக்குப் போனேன்.