விண்வெளி மண்டோர்

"பொம்மப் படம் பாத்து யாருக்கு வேல கெடைச்சிருக்கு?" என்று மாமா கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான், அதுவும் ஜப்பானிய மொழி படிக்க. அந்தத் திமிரில், "எனக்குக் கெடைக்கும் மாமா, பாருங்க" என்றேன். பார்த்தார். (அதுதான் கொடுமை.)

வேலை ஜொகூர் பாருவில். ஜப்பானிய விண்வெளித் தொடர் ஒன்றுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுத வேண்டும். ராட்சத இயந்திரங்கள், தொலைந்துபோன கப்பல், அதை ஓட்டிப்போன தகப்பனைத் தேடும் மகள். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு நான் பார்த்த அதே தொடர்!

அப்பா செடெனாக்கில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். படிக்கத் தெரியாது. டிவியின் கீழே ஓடும் மலாய் வரிகளை நான்தான் தமிழில் சொல்வேன்.

"யாரும்மா இவன், இந்தக் கத்து கத்துறான்?"

"கப்பல் தளபதிப்பா."

"தளபதின்னா?"

"நம்ம மண்டோர் மாதிரிப்பா."

தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறவர்தான் மண்டோர். "அப்பச் சரி, கத்தத்தான் செய்வான்" என்றார் அப்பா. அன்று முதல் எங்கள் வீட்டில் தளபதிக்கு அதுதான் பெயர்.

கடைசிப் பகுதி வந்தபோது அப்பா டயாலிசிஸ் கட்டிலில் இருந்தார். கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். கப்பல் தூரத்தில் புள்ளியாகிக்கொண்டிருந்தது. 'தளபதி, மகளிடம் சொல்லிவிடுங்கள், நான் வரமாட்டேன்' என்கிறார் அந்தத் தகப்பன். அதோடு அவர் கதை முடிகிறது. அப்பா திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"என்னாம்மா சொல்றாரு?"

"வந்துக்கிட்டிருக்கேன்னு சொல்றாருப்பா."

(முழுப் பொய் இல்லை. இதே கதையின் காமிக்ஸில் அவர் பிழைத்துவிடுகிறார். வீடியோ கேமில் சரியான பொத்தானை அழுத்தினால் பிழைப்பார். சினிமாவில் அப்படி ஓர் ஆளே கிடையாது.)

"நல்ல வேள" என்றார் அப்பா. மூன்று மாதத்தில் போய்விட்டார்.

நேர்முகத் தேர்வில் எழுதக் கொடுத்ததும் அதே காட்சிதான். எனக்குத் தெரியாததா! ஹெட்போனைத் தொடவே இல்லை. மற்ற மூன்று பேரும் கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டிருக்க, முதல் ஆளாக முடித்துவிட்டு, அவர்களைப் பரிதாபமாக வேறு பார்த்தேன்.

தேர்வு நடத்திய அம்மையார் நான் அடித்ததைச் சத்தமாகப் படித்தார். "விண்வெளில எதுக்கும்மா மண்டோர்?"

மூன்று பேரும் சிரித்தார்கள்.

"அதுகூடப் பரவால்ல. அவரு சாகறாரு. நீங்க வந்துக்கிட்டிருக்கேன்னு எழுதியிருக்கீங்க."

"காமிக்ஸ்ல அவரு சாகலைங்க!" எழுந்து நின்று, கேமில் எந்தப் பொத்தான் என்பதுவரை விளக்கினேன்.

"நாங்க காமிக்ஸ் கேக்கலையே. அந்த ஒரு வரிதான். அஞ்சு நிமிசம் தரேன், மாத்திக் குடுங்க."

ஒரு வரி. 'நான்' என்று அடித்தேன். அதற்குமேல் விரல் நகரவில்லை. ஐந்து நிமிடமும் மூக்கு மட்டும்தான் ஓடியது, அதுவும் அவர்களுடைய விசைப்பலகை மேல். அவர் டிஷ்யூவை நீட்டினார். வேலையை நீட்டவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா கேலி செய்வார் என்று காத்திருந்தேன். "ஒங்கப்பா கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு லா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு மாமா யாரையாவது சத்தம் போட்டால், "விண்வெளி மண்டோர் வந்துட்டாரு" என்கிறார் அம்மா. இன்றைக்கும்.

போன வாரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் காட்சியை முழுதாகக் கேட்டேன். 'மககிட்ட சொல்லிடுங்க, நான் வரமாட்டேன்' என்று எழுதி, அதே அம்மையாருக்கு அனுப்பிவிட்டேன்.

மண்டோரை மட்டும் மாற்றவில்லை.