உதறு அக்காவும் நாற்பது அட்டைகளும்

திருவொற்றியூரிலிருந்து அத்திப்பட்டு வரை சல்லடை போட்டுத் தேடினாலும், கையில் எடுத்த பொருளை உதறிவிட்டுத்தான் திருப்பி வைக்கும் மனுஷி எங்கள் உதறு அக்கா ஒருத்திதான்.

எங்கள் கன்டெய்னர் யார்டுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தந்தவள். மீன்பிடிக் குடும்பம். வலையை உதறாமல் மடித்தால் சிக்கிய மீன் உள்ளேயே நாறும் என்று கேட்டு வளர்ந்தவள், அதை உலகத்துக்கே சட்டமாக்கிவிட்டாள். வந்த முதல் நாளே, டிரைவர்கள் மாற்றி மாற்றிப் போடும் ஹெல்மெட்டுகளைக் கவிழ்த்து உதறினாள். இரண்டு சீப்பு, பாதி வடை, ஒரு பல்லி. மறுநாள் பொது மழைக்கோட்டை உதறியதில் மேனேஜரின் மூக்குக்கண்ணாடி விழுந்தது. அதை நான்தான் தொலைத்தேன் என்று மூன்று மாதமாக என்னை முறைத்துக்கொண்டிருந்தார் மனுஷர்.

நான் கேட்டில் லாரி நம்பர் அடிப்பவன். எட்டாவதோடு நின்ற படிப்பு. தினமும் மூன்று மணிக்கு கம்ப்யூட்டர் திணறி நின்றுவிடும். லாரிகள் எண்ணூர் ரோடு வரைக்கும் நிற்கும். என் விரல்தான் காரணம், சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் என்றார் மேனேஜர். அதை அவரைவிட அதிகமாக நம்பியவன் நான். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஒற்றை விரலால் அடித்துப் பார்த்தேன். அப்போதும் நின்றது.

வெள்ளிக்கிழமை முழுக்க அக்கா என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உன் கையில ஒண்ணும் இல்ல அண்ணாத்தே. கம்ப்யூட்டரு உள்ளாற லாரிக்கு லாரி புச்சா பதிவு அட்டை போடாம, நாப்பது அட்டையவே மாத்தி மாத்தி ஓட்டிக்கினு கீது. லாரி பூட்டப்புறம், கேட் கேமரா புடிச்ச அதோட போட்டோவ வெளிய எடுக்காமலே அட்டைய உள்ள வெச்சுடுது. அடுத்த லாரி போட்டோவும் அது மேலயே ஏறுது. மெமரி ரொம்பி மூச்சு முட்டுது."

அந்த இடத்தை எழுதினது யார் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"நான்தான். ஊரு ஹெல்மெட்டெல்லாம் உதறுனேன், இத்த உதறல பாரு."

அன்றைக்கே திருத்தினாள். அட்டை உள்ளே போகுமுன் காலியாக வேண்டும். பாதியில் திருப்பி அனுப்பிய லாரியின் அட்டையும் காலியாகி உள்ளே திரும்பியாக வேண்டும்.

சனிக்கிழமை மூன்று மணி. நான் சாமியை வேண்டிக்கொண்டே அடித்தேன். நாலு ஆனது. ஐந்து ஆனது. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, இன்னிக்கி டீ குடிக்கக்கூட டைம் தரமாட்டியா?" என்றார்.

ரிப்போர்ட்டில் கேட் ஊழியரின் கவனக்குறைவு என்று போட்டால் உங்கள் பெயர் கெடாது என்று மேனேஜர் அக்காவுக்கு யோசனை சொன்னார். அவள் ரிப்போர்ட்டை அடித்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பிப் படிக்கச் சொன்னாள்.

'காரணம், நான் எழுதிய சாஃப்ட்வேர் கோடு. கேட்காரர் மேல் தவறில்லை.'

இரண்டு தடவை படித்தேன். அடுத்த லாரி நம்பரை அடிக்கத் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேனோ என்று கவலையாக இருந்தது.