புழு இல்லாத பட்டாம்பூச்சித் தோட்டம்

கோயில்களுக்குப் பஞ்சமில்லாத எங்கள் காஞ்சிபுரத்தில் கோபத்துக்கென்று ஒரு கோயில் இல்லாதது பெரிய குறை. கட்டினால் மூலவராக எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியரைத்தான் வைக்க வேண்டும். எந்நேரமும் வாயில் விசில் இருப்பதால் அவருக்கு விசில் சார் என்று பெயர். அந்தக் கோயிலுக்கு அர்ச்சகர்கூடத் தேவையில்லை. சாமியே வந்தவர்களுக்கெல்லாம் அர்ச்சனை செய்துவிடும்.

செவிலிமேட்டில் இருக்கும் எங்கள் பள்ளியில் பட்டாம்பூச்சித் தோட்டம் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் இருந்ததால் வேலை விசில் சார் தலையில் விழுந்தது. பூச்செடி வைப்பார் என்று பார்த்தால், கூடவே கறிவேப்பிலையும் எருக்கும் நட்டார்.

"பூ தேன் குடிக்க. முட்டை எங்க வெக்கும்? புழு இன்னாத்த துன்னும்? இலை வேணாமா டீச்சர்?" என்று கணக்கு டீச்சரான என்மீது எரிந்து விழுந்தார். நான் ஒன்றுமே கேட்கவில்லை.

ஒருநாள் ரசத்துக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை கிள்ளினேன். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து விசில் பறந்து வந்தது.

"டீச்சர்! அது புழுவோட சாப்பாடு. உங்க டிபன் பாக்ஸ்ல அது கை வெச்சுதா?"

பிள்ளைகள் முன்னால் என் மானம் போயிற்று.

எருக்கைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். "எருக்கு முளைச்சா எடம் பாழாயிடும் சார்."

"பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை தேடிக்கினு அலையிறீங்களே, பிள்ளையார் இன்னா பாழாவா பூட்டாரு?"

வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

புழுக்கள் வந்தன. இலையெல்லாம் ஓட்டை. விசில் சாருக்கு ஒரே பூரிப்பு. அதையும் கோபமாகத்தான் காட்டினார். திறப்பு விழா நெருங்கியது. பட்டுப் புடவையில் பார்வையிட வந்த தலைமையாசிரியை முகம் சுளித்தார்.

"கெஸ்ட் வர்ற நேரத்துல புழு நெளிஞ்சிக்கினு இருந்தா நல்லாவா இருக்குது? மருந்து அடிச்சிடுங்க சார்."

"நீங்க கட்டியிருக்கிற பட்டு எதுல வந்தது மேடம்? இந்த ஊரே புழு போட்ட சோத்தைத்தான் துன்னுக்கினு இருக்குது!"

 விசில் சார் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போன நாளில் அம்மையார் ஆள் வைத்து மருந்து அடித்துவிட்டார். செடிகளுக்கு அடியில் புழுக்கள் சுருண்டு செத்துக் கிடந்தன. விழாவன்று அதே செடிகளில் காகிதப் பட்டாம்பூச்சிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். விருந்தினர் ரிப்பன் வெட்டி, இயற்கையை நேசியுங்கள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. பட்டாம்பூச்சி வேண்டுமாம், புழு வேண்டாமாம்! படித்தவர்கள் பேசுகிற பேச்சா இது?

விசில் சார் அன்று கத்தவே இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. விழா முடிந்ததும் தலைமையாசிரியையின் அறையை நோக்கி விறுவிறுவென்று நடந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். மருந்துக்கு முன்பே செடியைவிட்டு ஊர்ந்து வந்திருந்த ஒரு புழு, கதவு நிலைக்கு மேலே பச்சை மணி மாதிரி கூடு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த வழியா ஒருத்தரும் போவக் கூடாது!"

தலைமையாசிரியை உட்பட எல்லோரும் பக்கத்து அறை வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். துடைப்பத்தோடு யாராவது அந்தப் பக்கம் தலைகாட்டினால் போதும், அர்ச்சனைதான்.

கூடு வெடித்த காலையில் பள்ளிக்கூடமே அங்கே கூடிக் கூச்சல் போட்டது. விசில் சார் எங்கள் பக்கம் திரும்பினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"மெதுவாப்பா... ரெக்கை இன்னும் காயல. பயந்துடப் போவுது" என்றார், கெஞ்சுகிற குரலில்.

அதைக் கேட்டதிலிருந்து அவர் திட்டினால் எனக்குக் கோபம் வருவதில்லை. திட்டாத நாளில்தான், மனுஷனுக்கு உடம்புக்கு என்னவோ என்று கவலையாக இருக்கிறது.