திறந்த கூடும் ஒற்றைச் செருப்பும்

மரியாதைக்குரிய ஹார்லெம் அக்கா ஆல்த்யேவுக்கு, லெய்டனிலிருந்து தம்பி யோஸ்ட் பணிவோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அக்கா, என் வீட்டு முன்கூடத்தில் ஒரு சதி நடக்கிறது.

என் மகள் ஹில்லேயைச் சபை மூப்பர் மகன் டிர்க்குக்குப் பேசியிருக்கிறோம் அல்லவா? ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் மூப்பர் மனைவி கொர்னேலியா அம்மாள் நம் வீடு பார்க்க வருகிறாள். வருகிறவள் கண்ணில் படட்டும் என்று, ஹில்லே ஜன்னலோரம் லேஸ் பின்னுவது போல ஒரு படம் வரைய ஃபிளோரிஸ் என்ற ஓவியனை அமர்த்தினேன். நேற்று திரையை விலக்கிக் காட்டினான். அவள் தலைக்கு மேலே பறவைக்கூடு, கதவு திறந்து கிடக்கிறது! திறந்த கூடு என்றால் பெண்ணின் மானம் பறந்துவிட்டது என்று நம்மூர் பால்காரிக்குக்கூடத் தெரியும். மேசையில் சிப்பி, ஒரு தட்டு நிறைய. சிப்பி எந்த ஆசையைக் கிளப்பும் என்பதை அக்காவுக்கு நான் எழுதக்கூடாது. தரையில் ஒற்றைச் செருப்பு குப்புறக் கிடக்கிறது. இன்னொன்று எங்கே? யார் வீட்டில்?

"என்னடா இது?" என்றேன். "சும்மா அழகுக்குப் போட்டேங்க ஐயா" என்கிறான். செருப்பில் என்ன அழகு? "கூட்டுல இருந்த குருவி எங்கடா?" "பூனை தின்னுருச்சுன்னு உங்க பொண்ணு சொன்னாங்க." உடனே பூனையைப் பார்த்தேன். அது என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டது. இப்போது எனக்குப் பூனை மேலும் சந்தேகம். வேலைக்காரி ட்ரைனைக் கூப்பிட்டு, இந்தப் பயல் ஹில்லேயிடம் என்னதான் பேசுவான் என்று விசாரித்தேன். "ஆடாம உக்காருங்கம்பான். வேற ஒண்ணும் பேச மாட்டான். நீங்க ஏங்க கண்டதை நெனச்சுக்கிட்டு..." என்று இழுத்தாள். இவளுக்கும் இதில் பங்கு உண்டோ என்னவோ.

நான் விடுவேனா? பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அத்தனையையும் அழிக்க வைத்தேன். கூட்டின் மேல் சுவர். சிப்பியின் மேல் ரொட்டி. செருப்பின் மேல் தரை, அதுவும் பளிச்சென்று கழுவித் துடைத்த தரை. ஹில்லே ஓடி வந்து, "செருப்பாவது இருக்கட்டுமேப்பா" என்று கெஞ்சினாள். பார் அக்கா, செருப்புக்குப் பரிந்து பேசுகிறாள்! அவளுக்கும் அவனுக்கும் ஏதோ இருக்கிறது. கல்யாணம் முடியும்வரை அவளை உன்னிடம் அனுப்பி வைக்கட்டுமா?

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். ஆண்டவர் உன் வீட்டுச் சுவர்களை ஓவியர்களிடமிருந்து காப்பாராக.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட தம்பி,
யோஸ்ட்

பி.கு.: முத்திரை வைப்பதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. கொர்னேலியா அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமான வீட்டை நான் பாத்ததே இல்ல" என்று அங்கேயே தேதி குறித்துவிட்டாள். அவளை வழியனுப்பிவிட்டுப் பூரித்துப்போய்த் திரும்பினால், ஹில்லே தேம்பித் தேம்பி அழுகிறாள். "எல்லாத்தையும் நான்தாம்ப்பா போடச் சொன்னேன். பாத்துட்டு அந்தம்மா ஓடிருவாங்கன்னு நெனச்சேன். டிர்க்கைப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்குப்பா. ஒரு வார்த்தை பேசவிட மாட்டான். உங்ககிட்ட சொன்னா நீங்க கேக்கவா போறீங்க?" அப்போதும் எனக்குப் புத்தி வந்ததா? "அப்ப ஃபிளோரிஸ்?" என்றேன். "ஐயோ அப்பா, அவருக்கு டெல்ஃப்ட்ல பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க!"

மறுபடி போய்ப் படத்தைப் பார்த்தேன் அக்கா. மூலை முடுக்கெல்லாம் துருவியவன், நடுவில் இருக்கும் என் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். பாவி நான். நேராக மூப்பர் வீட்டுக்குப் போய்ச் சம்பந்தம் வேண்டாம் என்றேன். "அப்படி என்ன குறை கண்டீங்க?" என்று குதித்தாள் அந்தம்மாள். "படத்துல என் பொண்ணு முகத்தைப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"முகமா? நான் தரையைத்தானே பாத்தேன்" என்றாள்.