என் தகப்பனார் கூரையேறிப் பல் கடித்த கதை

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் கூரையில் பேய் இருக்கிறது என்ற செய்தி கஹவத்தை பஸ் நிலையம் வரை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கூட்டம் தாங்காது. ஓப்பநாயக்கவிலிருந்து வந்தார்கள். எஹலியகொடவிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். வான் பிடிக்க வசதியில்லாதவர்கள் கைப்பேசியில் பார்த்து அங்கிருந்தே பயந்தார்கள். மழைநீர் வடியக் காண் வெட்டக் கூப்பிட்டால் முதுகுவலி என்று படுத்துக்கொள்ளும் இளைஞர்கள், பேய் பார்க்க மழையில் நிமிர்ந்து நின்றார்கள். கடலைக்காரர் ஒருவர் நிரந்தரமாகவே குடை நட்டுவிட்டார்.

பேய் இருந்துவிட்டுப் போகட்டும். எந்தப் பேய் என்பதுதான் எனக்குப் பிரச்சினை. அது என் தகப்பனார் என்றார்கள்.

என் தகப்பனார் அருளப்பன் இந்தத் தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்தவர். நான் இங்கேயே கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பம் யாருடைய வாசலிலும் தலைகுனிந்து நின்றதில்லை. அப்பாவின் நினைவாக ஏதாவது செய்ய நினைத்தோம். கொழுந்து பறிக்கும் தாய்மார் வேலை முடியும்வரை கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் பிள்ளைக் காம்பரா. அங்கே மின்விசிறியும் பால் வைக்கக் குளிர்பெட்டியும் ஓடட்டும் என்று கூரையில் சோலார் பலகைகள் போட்டோம். ‘அமரர் அருளப்பன் ஞாபகார்த்தமாக’ என்று பித்தளைத் தகடும் பதித்தோம். எங்கள் குடும்பம் தானம் செய்தால் பெயர் போட்டுத்தான் செய்யும். அதில் எனக்கு வெட்கமில்லை.

வேலையை வெளியாளிடம் கொடுக்கவில்லை. என் தம்பி மகன் ஜெகன் சோலார் பூட்டுகிற தொழில்தான் செய்கிறான். வீட்டுப் பிள்ளை இருக்கும்போது ஊரான் எதற்கு?

திறப்பு விழா அமோகம். ஃபாதர் வந்து கூரைக்குப் போகவிருந்த போல்டுகளுக்குத் தீர்த்தம் தெளித்தார். அம்மன் கோவில் பூசாரி விடுவாரா? அதே போல்டுகளை வாங்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். இரண்டு மதத்து ஆசியோடும் போல்டுகள் கூரையேறின. ஜெகன் மெஷினை வைத்து முடுக்கினான். நட்டுகள் கிறீச்சென்று கத்தின. கீழே எல்லோரும் கைதட்டினார்கள்.

மழைக்காலக் காற்று தொடங்கியது. மத்தியானத்துக்குப் பிறகு மலைப் பக்கமிருந்து காற்று இறங்கும். இறங்கியதும் கூரையில் சத்தம். நற நற. கிறீச். மறுபடியும் நற நற. குழந்தைகள் வீரிட்டு அழுதன. ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த நாள் நாலு பேர் ஓடினார்கள். பிறகு பிள்ளைக் காம்பராவில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

இந்த நேரம் பார்த்துத்தான் ஓப்பநாயக்கவிலிருந்து சுந்தரலிங்க சுவாமி வந்து இறங்கினார்.

சுவாமி என்றால் சாதாரண சுவாமி இல்லை. பேயோட்டும் சிங்களக் கட்டாடியாவிடம் பாதியும் மலையாளத்து மாந்திரீகரிடம் பாதியும் படித்தவராம். மொத்தம் எவ்வளவு படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காற்று வரும்வரை காத்திருந்து, சத்தம் வந்ததும் கண்ணை மூடினார்.

“ஹரி, ஹரி. வந்துட்டாரு. வெள்ளை வேட்டி. கையில பிரம்பு. கொழுந்துக் கூடையில இலை கொறஞ்சிருக்குன்னு சொல்லிப் பல்லக் கடிக்கிறாரு.”

“ஐயோ, நம்ம பெரிய கங்காணிதான்!” என்றாள் இராஜம். வாய் பெரிய பெண். கைக்குழந்தைக்காரி. அவள் சொன்னால் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுவதும் சொன்ன மாதிரி.

நான் எழுந்தேன். “இராஜம், எங்க அப்பாவுக்குக் கடைசிக் காலத்துல வாயில ஒரு பல்லு இருந்திச்சா? ரொட்டிய டீயில ஊறவச்சுத்தானே சாப்பிட்டாரு? எதை வச்சு கடிக்கிறாரு?”

கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். சுவாமி சிரிக்கவில்லை. “செத்தவங்களுக்குப் பல்லு மறுபடி முளைக்கும், ஐயா.”

இறந்தால் பல் முளைக்கும் என்ற இந்தப் புதிய மருத்துவ உண்மையைக் கூட்டம் அப்படியே விழுங்கியது. மெல்லக்கூட இல்லை.

அடுத்தது அற்புதம். தோட்டத்திலேயே பலசாலி ஒருவனைக் கூரையேற்றி, ஒரு நட்டைக் கழற்றச் சொன்னார் சுவாமி. அவன் ஸ்பேனரைப் போட்டு வலப்பக்கம் திருப்பினான். அசையவில்லை. இடப்பக்கம் திருப்பினான். அசையவில்லை. வேர்த்து விறுவிறுத்து இறங்கினான்.

“பாத்தீங்களா? கங்காணி கையால பிடிச்சுக்கிட்டு இருக்காரு!”

பிறகு தன் பையிலிருந்து ஒரு போல்டையும் நட்டையும் எடுத்தார். சின்ன டப்பியிலிருந்து சாம்பல் நிற மை ஒன்றைத் தொட்டுப் போல்டில் பூசினார். உதடு முணுமுணுத்தது. நட்டைப் போட்டு விரலால் தட்டினார். அது பம்பரமாகச் சுற்றியது.

“சுடுகாட்டுச் சாம்பல்ல காய்ச்சின மை. எந்தப் பிடியும் விட்டுரும்.”

டப்பிகள் பறந்தன. வீட்டு நிலைக்குப் பூசினார்கள். மாட்டுக் கொம்புக்குப் பூசினார்கள். ஒருவன் தன் முச்சக்கர வண்டியின் முகப்பில் பூசினான். அதற்குப் பிறகும் அது வழக்கம்போல ஏற்றத்தில் நின்றது.

“அப்ப கூரைக்கு அந்த மையப் பூசுங்களேன், சாமி” என்றாள் இராஜம். புத்திசாலித்தனமான கேள்வி. அவளே அதை அறியவில்லை.

“கூரைக்குப் பூசினா அங்கிருந்து எறங்கி லயத்துக்குள்ள வந்துருவாரு. வேரோட எடுக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை குழியத் தோண்டி, பெட்டியத் தெறந்து, தலைமாட்டுல மை வைக்கணும்.”

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

“என் அப்பா குழியில எவனாவது மண்வெட்டி வச்சான்னா…” என்று தொடங்கினேன். அதற்குள் இராஜம் குறுக்கிட்டாள். “கணக்கப்புள்ள ஐயா, கோவிச்சுக்காதீங்க. எம்புள்ளைய எங்க விட்டுட்டு நான் மலைக்குப் போறது? வேலைக்குப் போகாட்டி சம்பளம் யாரு குடுக்கிறது? நீங்க ஒரு வார்த்த சொன்னா உங்க அப்பா கேக்க மாட்டாரா, எங்கள விட்டுப் போகச் சொல்லி?”

அவள் கண்ணில் தண்ணீர். பயம் பொய்யானது, கண்ணீர் பொய்யில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இரட்டிப்பானது.

வீட்டுக்கு வந்து ஜெகனைக் கூப்பிட்டேன். “ஏன்டா, கூரையில ஏதாவது லூசா இருக்கா?”

“சும்மா இருங்க பெரியப்பா. ஒவ்வொண்ணும் கத்தக் கத்த இறுக்கியிருக்கேன். கத்திச்சுன்னா அவ்வளவு டைட்டுன்னு அர்த்தம்.”

மறுநாள் கஹவத்தைக்குப் பஸ் ஏறினேன். மயானத்து வாசற்படலைக்குச் சங்கிலியும் பூட்டும் வாங்க. போல்டும் நட்டும் விற்கிற பஸீஹாவின் கடைக்குத்தான் போனேன். கடையைத் தனியாக நடத்துகிற பெண். நாக்கு அரத்தைவிடக் கூர்மை. மயானத்துக்குப் பூட்டு கேட்டேன்.

“மையத்துக்குப் பூட்டா? ஆரு பெரியவரே எழும்பி ஓடப் போறது?” என்றாள். மையம் என்றால் அவள் பேச்சில் பிணம்.

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். எனக்கு அது பிடிக்கவில்லை. திரும்பி நடந்தேன்.

“நில்லுங்க பெரியவரே. இறுக்கக்குள்ள நட்டு கத்திச்சா?”

“கத்திச்சு.”

“சில்வர் போல்டு, சில்வர் நட்டு, துருப்பிடிக்காத சாமான். ஒண்டும் பூசாம மெஷின் போட்டு ஒரே அடியா முடுக்கினா சூடாகி ஒண்ட ஒண்டு கடிச்சிக்கும். பொறகு அந்தப் பக்கமும் வராது, இந்தப் பக்கமும் வராது. நட்டு பாதி வழியில சிக்கி நிக்குது. கீழ பலகையப் பிடிக்கிற கிளிப் இன்னும் ஆடிக்கிட்டுத்தான் ஈக்கி. காத்து வந்தா பலகை தூக்கித் தூக்கி உரசும். அதுதான் உங்கட வாப்பாட பல்லுச் சத்தம்.”

திரும்பி வந்து மேசையருகே நின்றேன்.

“எண்ணெய் பூசினா நட்டு கழண்டு போகும் எண்டு நெனக்கிறானுகள். பூசித்தான் இறுக்கணும். பூசினாத்தான் இறுக்கமே கீழ போய்ச் சேரும்.” அவள் ஒரு டின்னை எடுத்து மேசையில் வைத்தாள். சாம்பல் நிறப் பசை. “அதுக்கெண்டே ஈக்கிற சாமான். ஓப்பநாயக்கவில இருந்து ஒரு மனுசன் மாசா மாசம் வந்து வாங்கிப் போறான். சோலார் கொம்பனி ஒண்டுல கூலியா நிண்டவனாம். இப்ப காவி உடுத்துறான்.”

எனக்குப் புரிந்தது.

“ஒண்டு செல்றன்” என்றாள் பஸீஹா, குரலைத் தணித்து. “இதை வெளியில சென்னா உங்கட ஊட்டுப் புள்ளைக்குத்தான் அவமானம். பரவாயில்லையா?”

பஸ்ஸில் திரும்பும்போது அதையே யோசித்தேன். தம்பி மகன் வேலை தெரியாதவன் என்று ஊர் சொல்லும். சொல்லாவிட்டால், தகப்பனார் பேய் என்று ஊர் சொல்லும். ஜெகனுக்கு வாய் இருக்கிறது, தன்னைத் திருத்திக்கொள்ளக் கையும் இருக்கிறது. அப்பாவுக்கு இரண்டும் இல்லை. பூட்டை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மண்வெட்டிகள் தயார். சுவாமி கழுத்தில் எலுமிச்சை மாலை. கடலைக்காரர் இன்னொரு குடை நட்டிருந்தார்.

“குழி தோண்ட எனக்குச் சம்மதம்” என்றேன். கூட்டம் மூச்சை இழுத்தது. “அதுக்கு முன்னால ஒரு சின்னப் பரீட்சை. சாமி மந்திரம் பெரிசா, மை பெரிசான்னு பாக்கணும். மந்திரம் ஜெயிச்சா நானே முதல் மண்வெட்டி போடுறேன்.”

கஹவத்தையிலிருந்து நான் வரச் சொல்லியிருந்த பஸீஹா முன்னால் வந்தாள். அவளைக் கண்டதும் சுவாமியின் முகத்தில் ஒரு சின்ன மாற்றம். எலுமிச்சை மாலையைச் சரிசெய்துகொண்டார்.

ஒரே பெட்டியிலிருந்து இரண்டு புதுப் போல்டு, இரண்டு புது நட்டு. கூரை வேலையில் மிஞ்சிய அலுமினியத் துண்டில் கிளிப்போடு பொருத்தி வைத்தாள். “சாமி, இந்த முதலாவதுக்கு மந்திரம் மட்டும் செல்லுங்க. மை வேணாம். மந்திரம் உங்கட, போல்டு என்னிட.”

சுவாமிக்கு மறுக்க வழியில்லை. கற்பூரம் கொளுத்தினார். நீளமாக ஓதினார். ஓதி முடிந்ததும், “ஜெகன், மெஷினப் போடு” என்றேன். “அன்னைக்குப் போட்ட மாதிரியே.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். போட்டான். கிறீச்! அதே சத்தம். குழந்தைகள் அழுதன. நட்டு பாதியில் நின்றது. கீழே கிளிப் ஆடிக்கொண்டிருந்தது.

“கழட்டுங்க சாமி.” பஸீஹா ஸ்பேனரை நீட்டினாள்.

வலப்பக்கம். இடப்பக்கம். எலுமிச்சை ஒன்று அறுந்து உருண்டது.

“இப்பத்தான் பெட்டியில இருந்து எடுத்தன். அதுக்குள்ள பெரிய கங்காணி ஏறிட்டாரா?” என்றாள் பஸீஹா. “மந்திரத்தக் கேட்டுத்தான் ஏறினாரோ?”

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

“இப்ப ரெண்டாவது. மை மட்டும். மந்திரத்துக்கு எனக்குத் தெரிஞ்சத செல்றன்.” டின்னைத் திறந்தாள். புரிகளில் பசையைத் தடவினாள். நட்டைக் கையால் ஏற்றினாள். ஏற்றிக்கொண்டே கஹவத்தை கொண்டக்டர் குரலில் ஓதினாள்: “பெல்மதுளை, இரத்தினபுரி, குருவிட்ட, எஹலியகொட, அவிசாவளை, கொழும்பு, நகிண்ட நகிண்ட, இஸ்ஸரஹட்ட யன்ட!”

ஏறுங்கள், முன்னால் போங்கள் என்கிற அந்த மந்திரத்தைத் தினமும் கேட்கிற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் அளவு வைத்த ஸ்பேனரால் மெதுவாக இறுக்கினாள். அளவு வந்ததும் அது ‘டிக்’ என்றது. அதற்குமேல் அவள் ஒரு மயிரிழை திருப்பவில்லை. கிளிப்பை இராஜத்தை ஆட்டிப் பார்க்கச் சொன்னாள். அசையவில்லை. பிறகு ஸ்பேனரால் ஒரு திருப்பு. மிச்சத்தை விரலால் தட்டினாள். பம்பரம்.

“அது… அந்த மையிலதான் சக்தி” என்றார் சுவாமி. “நான் சொன்னேனே.”

“அப்ப உங்கட டப்பியத் திறங்க. என்னிட டின்னையும் பாருங்க.” பஸீஹா இரண்டையும் இராஜத்தின் மூக்குக்குக் கீழே பிடித்தாள். ஒரே நிறம். ஒரே வாடை. டின்னின் மேல் மண்டையோடும் இல்லை, சுடுகாடும் இல்லை. ஒரு போல்டின் படம் இருந்தது. “எந்தச் சுடுகாட்டுல காய்ச்சின சாமி? கஹவத்தை கடைத்தெருவிலயா?”

சுவாமி பையைச் சுருட்டினார். ஓப்பநாயக்க பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாக அவருக்கு ஞானதிருஷ்டியில் தெரிந்தது. மண்வெட்டியோடு நின்றவர்களே அவரைப் பாதை வரை கொண்டுபோய் விட்டார்கள். டப்பிக்குக் காசு கொடுத்தவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். மரியாதைக்காக இல்லை.

நான் பித்தளைத் தகட்டின் முன்னால் நின்று சத்தமாகச் சொன்னேன். “கூரையில இருந்தது எங்க அப்பா இல்ல. எங்க வீட்டுப் புள்ளையோட பிழையான வேலை. ஃபாதர் தீர்த்தம் தெளிச்சாரு, பூசாரி சந்தனம் பூசினாரு. பூச வேண்டியத மட்டும் இவன் பூசல. ஜெகன், ஏறுடா.”

அவன் முகம் சிவந்தது. ஏறினான். கடித்துக்கொண்ட போல்டுகளை வெட்டி எறிந்தான். புதிய போல்டுகளுக்குப் பசை பூசி, ஒவ்வொன்றையும் ‘டிக்’ கேட்கும்வரை இறுக்கினான். மத்தியானக் காற்று வந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரை வாயைத் திறக்கவில்லை.

இராஜம் குழந்தையை உள்ளே கொண்டுபோய்க் கிடத்தினாள். வெளியே வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “ஐயா, அந்த டின்னுல கொஞ்சம் மை குடுங்களேன். புள்ளைக்கு நெத்தியில வைக்க.”

நான் டின்னை மூடினேன்.

“அது போல்டுக்கு, தாயி. நெத்திக்கு வெளியில எதப் பூசியும் பிரயோசனமில்ல. உள்ள இருக்கிறத எடுத்துப் பாவிச்சுக்கோ. பாவிக்காம வச்சிருந்தா அதுவும் இந்த நட்டு மாதிரி இறுகிப்போகும். அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்.”