பதில் மேனேஜரும் ஒரு மரியாதைத் தட்டலும்

டெலிபோனை வைத்த கையோடு செல்லசாமி பக்கத்து மேசைப் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மிஸ், வேலைக்கு வர்ற பிள்ளையோட பாஸ்புக்க நாம எதுக்குப் பாக்கணும்? நாம என்ன பேங்கா?"

யசோதினி தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். "பாஸ்புக்கோ? ஆர் சேர் கேட்டது?"

"கொழும்பு ஹெட் ஆபீஸ். புதுசா வந்திருக்குற டைரக்டர் மேடத்தோட உத்தரவாம். நேர்முகத்துக்கு முன்னாடி பாத்து அறிக்கை அனுப்பணுமாம்."

"அது பேஸ்புக்கா இருக்கும் சேர். இப்ப பெரிய கம்பனியள் எல்லாம் அதைப் பாத்திட்டுத்தான் ஆள் எடுக்கினம்."

செல்லசாமி தலையை ஆட்டினார். புரியாத விஷயத்துக்குத் தலையை ஆட்டுவதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. கொட்டகலை பஜாருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைக் கம்பனியின் கிளை ஆபீசில் அவர் பல வருஷமாகப் பதில் மேனேஜர். யாருக்குப் பதில் என்பது அவருக்கே மறந்துவிட்டது. நிரந்தரமாக்கச் சொல்லி அவர் கேட்கும்போதெல்லாம் 'பார்ப்போம்' என்றுதான் கொழும்பிலிருந்து பதில் வந்தது. இப்போது அந்த முடிவு புது மேடத்தின் கைக்குப் போயிருந்தது. ஆகையால் மேடம் பேஸ்புக்கைப் பார்க்கச் சொன்னால் பார்க்கத்தான் வேண்டும். கிணற்றை எட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தாலும் பார்த்திருப்பார்.

யசோதினியே அவருக்கு ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தாள். கட்டாரில் இருந்த மச்சான்தான் முதல் நண்பனாக வந்து சேர்ந்தான். படத்துக்கு அடையாள அட்டைப் படம்தான் கிடைத்தது. திரையில் அது பெரிதாகி வந்தபோது, 'இவரைக் கண்டால் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவிக்கவும்' என்று கீழே ஒரு வரி போட்டால் சரியாக இருக்கும் என்று செல்லசாமிக்கே பட்டது.

வேலைக்கு விண்ணப்பித்திருந்த பெண் ஆர். சர்மிளா. ஹட்டனில் படித்தவள். பெயரைப் போட்டுத் தேடினார். சென்னையில் ஒரு சர்மிளா, டொரன்டோவில் ஒரு சர்மிளா, கடைசியில் சர்மிளா ஆர்., ஊர் ஹட்டன். முகத்துக்குப் பதிலாக ஒரு ரோஜாப்பூ.

"ஆள அமுக்கிப் பிடிச்சாச்சு" என்றார் செல்லசாமி.

ஆனால் பக்கம் பூட்டிக் கிடந்தது. ரோஜாவைத் தவிர ஒன்றையும் காட்டவில்லை. யசோதினி பகல் சாப்பாட்டுக்குப் போயிருந்தாள். தனியே உட்கார்ந்து திரையை மேய்ந்தவரின் கண்ணில் 'போக்' என்றொரு பொத்தான் பட்டது. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் அது விரலால் தட்டுவது. அடுத்தவர் வீட்டுக்குள் போகுமுன் கதவைத் தட்டுவதுதானே மரியாதை? தட்டினார். பதில் இல்லை. மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று மறுபடி தட்டப் பார்த்தார், விடவில்லை. சற்று நேரத்தில் ரோஜாவும் அவரைத் திருப்பித் தட்டியது.

"அடடே, நல்ல வளர்ப்பு" என்று மகிழ்ந்து இன்னொரு தரம் தட்டினார். கதவு திறந்தது. நட்பு அழைப்பு அனுப்பினார். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சாப்பிட்டுவிட்டு வந்த யசோதினி திரையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ சேர்! என்ன வேலை செய்து போட்டியள்?"

"கதவத் தட்டினேன்."

"இது கதவு தட்டுற பொத்தான் இல்லை சேர். குத்துறது! பெடியள் பெட்டையளைச் சீண்டிறதுக்கு அமத்திறது!"

செல்லசாமிக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. ஐம்பதை நெருங்குகிற மனுஷன். வயது வந்த மகள் வீட்டில் இருக்கிறாள். வேலை கேட்டு வந்த பெண்ணை வேலை கொடுக்கிறவர் குத்தியிருக்கிறார். அதுவும் ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கம்பியூட்டரில்.

"உடனே மன்னிப்புக் கேட்டுடுறேன்."

"கேளுங்கோ. ஆனா தனியா—"

அதற்குள் உள்ளே டெலிபோன் அடிக்க அவள் எழுந்து போனாள். 'தனியா' என்றால் தான் மட்டும் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று செல்லசாமி விளங்கிக்கொண்டார். முதலில் கண்ணில் பட்ட கட்டத்தில் மனப் பாரத்தோடு எழுதினார்: 'நான் உங்களை இரண்டு தரம் குத்தியதற்கு மன்னிக்கவும். கெட்ட எண்ணத்தில் குத்தவில்லை. இனிமேல் கேட்காமல் குத்த மாட்டேன். இப்படிக்கு செல்லசாமி, மேனேஜர்.' நம்பிக்கை வரட்டும் என்று கம்பனியின் பெயரையும் சேர்த்தார். 'பதில்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார்.

அது தனிக்கடிதம் அல்ல. சர்மிளாவின் சுவர். அவளுடைய சொந்தபந்தம் முழுக்க வந்து போகிற இடம். அரை மணித்தியாலத்துக்குள் லண்டனிலிருந்து ஒருவர், 'யார் இந்த அங்கிள்?' என்று கேட்டிருந்தார். அவுஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், 'கேட்டுட்டுக் குத்துவாராமா?' என்று சிரித்திருந்தார். யசோதினி திரும்பி வந்து பார்த்தாள். போய்த் தண்ணீர் குடித்தாள்.

அவள் காட்டித் தந்த தனிச்செய்தி அறைக்குள் புகுந்துதான் செல்லசாமி அடுத்து எழுதினார். நடந்தது தவறு, வேலை விஷயமாகத்தான் வந்தேன், வேறு எதுவும் இல்லை. பதில் உடனே வந்தது.

'வேலை விஷயமா? சரி, கேளுங்க. நானும் தெரிஞ்சிக்கிறேன்.'

பெருந்தன்மையான பிள்ளை! செல்லசாமிக்கு உயிர் வந்தது. உயிரோடு சேர்ந்து மேனேஜர் தோரணையும் வந்தது.

'அடிக்கடி லீவு எடுப்பீங்களா?'

'தேவைப்பட்டா எடுப்பேன்.'

'கல்யாணம் ஆனதும் வேலைய விட்டுட்டுப் போயிடுவீங்களா?'

'இதை ஆம்பளைங்கக்கிட்டயும் கேப்பீங்களா?'

செல்லசாமி கன்னத்தைத் தடவிக்கொண்டார். தன்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பேச்சை மாற்றினார். 'கொஞ்சம் அடக்கமா பேசிப் பழகுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.'

'நன்றி. ஆள் எடுக்குற முடிவு உங்களோடதா? கொழும்புல யாரோ டைரக்டர் இருக்காங்கன்னு சொன்னாங்களே?'

அங்கேதான் செல்லசாமிக்குச் சனி நாக்கில் வந்து உட்கார்ந்தது. விரலில் என்று சொல்ல வேண்டும். 'அந்த மேடம் கதிரைய சூடாக்க வந்தவங்க. ஏசி ரூம்ல இருக்குறவங்களுக்கு மலைநாட்டப் பத்தி என்ன தெரியும்? கையெழுத்து அவங்களோடது, முடிவு என்னோடது. நீங்க என்னய மட்டும் திருப்திப்படுத்துனா போதும்.'

எழுதி அனுப்பிய பிறகுதான் கடைசி வரி அவ்வளவு நன்றாக இல்லையோ என்று தோன்றியது.

'அப்படியா' என்று பதில் வந்தது. 'ரொம்ப உபயோகமான தகவல்.'

சாயந்தரம் வீட்டுக்குப் போனார். மனைவி நாகலெட்சுமி ரொட்டியைத் தட்டில் வைத்த சத்தமே சரியில்லை.

"கட்டார்ல இருந்து தம்பி பேசுனான். யாரோ பொம்பளையக் குத்திட்டு, ஊரறிய மன்னிப்புக் கேட்டீங்களாமே?"

"அது வந்து, ஆபீஸ் வேலைம்மா. கதவு தட்டுற மாதிரி..."

"ரெண்டு தரமாம்?"

"ரெண்டாவது தரம் அவங்க தட்டினதுக்கு நான் பதிலுக்குத் தட்டினது."

"ஓ! அவளும் குத்துறாளா?"

உண்மையை விளக்க விளக்க அது பொய்யைவிட மோசமாகிக்கொண்டே போனது. செல்லசாமி ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கல்யாணமாயிருச்சுன்னு அதுல போட்டீங்களா?"

"போடல."

"ஏன் போடல?"

இதற்கு உலகத்தில் எந்தப் புருஷனிடமும் நல்ல பதில் இருந்ததில்லை. அன்றைக்கு நாகலெட்சுமி 'இன்னொண்ணு வைக்கவா' என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போன முதல் வேலையாக, கல்யாணமானவர் என்று போடப் போனார். வெளியே நல்ல மழை. மழை பெய்தால் அங்கே இன்டர்நெட் நொண்டும். 'திருமணமானவர்' என்ற வரியை அமத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமத்தினார். கோபத்தில் மவுசைத் தட்டினார். திரை ஒரு தரம் உறைந்து, பிறகு விழித்துக்கொண்டது. அதற்குக் கீழே இருந்த வரியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் பறைசாற்றியது, பக்கத்தில் ஒரு சின்ன இதயத்தோடு: செல்லசாமியின் உறவு நிலை, சிக்கல்.

முதல் ஆளாகக் கட்டார் மச்சான் எழுதினான்: 'அத்தான், அக்காவுக்கு இது தெரியுமா?'

அடுத்த வரியில் ரோஜாப்பூ: 'சிக்கல் தீர வாழ்த்துகள்.'

நாகலெட்சுமி பெட்டியைக் கட்டிக்கொண்டு பூண்டுலோயாவில் இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "சிக்கலு நான் கெளம்பிட்டேன். இனி நிம்மதியா குத்துங்க" என்று மட்டும் சொன்னாள்.

நேர்முகப் பரீட்சை நாள் வந்தது. செல்லசாமி தானே இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பக்கம் கசங்கியும் ஒரு பக்கம் கருகியும் இருந்தது. முந்தைய இரவு அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அந்தப் பெண்ணிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்பது. வேலையைக் கொடுப்பது. பேஸ்புக்கைத் தலைமுழுகுவது. பிறகு பஸ் ஏறிப் போய் நாகலெட்சுமியின் காலில் விழுவது.

சர்மிளா நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். ஒல்லியான பெண். நல்ல பரீட்சைப் பெறுபேறு. கையில் பைலை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் உட்காருமுன் செல்லசாமி எழுந்து நின்றுவிட்டார்.

"தங்கச்சி, கேள்வியெல்லாம் அப்புறம். முதல்ல நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். நான் குத்துனது தப்பு. சுவர்ல எழுதுனது அதவிடத் தப்பு. கல்யாணத்தப் பத்திக் கேட்டது எல்லாத்தையும்விடத் தப்பு. எனக்கும் ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு. அவகிட்ட எவனாவது இப்படிக் கேட்டா நான் சும்மா இருப்பேனா?"

தன் வாழ்நாளில் உருப்படியாகப் பேசிய பேச்சு அதுதான் என்று அவருக்குத் தோன்றியது. யசோதினிகூடக் கண்ணைத் துடைத்தாள்.

சர்மிளா மிரண்டுபோய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சேர், நீங்க என்ன சொல்றீங்கன்னே வெளங்கலீங்க. நான் பேஸ்புக்ல இல்லீங்களே. எங்க வீட்டுல கம்பியூட்டரே கெடையாதுங்க."

செல்லசாமி விரலை நீட்டித் திரையைக் காட்டினார்.

"அப்ப அந்த ரோஜாப்பூ?"

"எனக்குத் தெரியாதுங்க சேர்."

செல்லசாமி மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை கொழுந்து இறங்கின மாதிரி இருந்தது. யாரோ எவளோ! எந்த ஊரில் இருக்கிறாளோ! கம்பனிக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பைத்தியக்காரக் கிழவன் ஒருவன் உளறினான் என்று இந்நேரம் மறந்தே போயிருப்பாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். யசோதினியும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே சர்மிளாவும் சிரித்தாள்.

"பாத்தீங்களா மிஸ்? ஒண்ணுமில்லாததுக்கு ஒரு கெழம முழுக்கச் செத்துச் செத்துப் பொழைச்சேன். என்னய மாதிரி ஒரு மடையன்..."

கதவு திறந்தது. கம்பனி டிரைவர் மாயாண்டி தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"ஐயா, கொழும்புல இருந்து புது டைரக்டர் மேடம் வந்து எறங்கியிருக்காங்க. பேரு சர்மிளாவாம், நம்ம ஹட்டன்ல பொறந்தவங்களாம். 'என்னயக் குத்துனவரு உள்ள இருக்காரா'ன்னு கேக்குறாங்க, என்னன்னு சொல்லட்டுங்க?"